ஆங்கில உவமைத் தாள்: வாங்கலாம், ஆனால் ஒரு நிரல் குறைகிறது

வன்னியில் கிளிநொச்சி, வவுனியா, முல்லைத்தீவு என்று எந்த நகரத்துப் புத்தகக் கடைக்குள் நுழைந்தாலும், கொப்பிகள் அடுக்கியிருக்கும் பக்கத்தில் ஒரு கம்பியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்ட தாள்களைக் காணலாம். மரக்கறிகள், உடல் உறுப்புகள், பெருக்கல் வாய்பாடு, அவற்றுக்கு நடுவே மிருகப் படங்களோடு ஆங்கில உவமைத் தாள். முன்பக்கத்தில் ‘அஸ் பிஸி அஸ் எ பீ’, ‘அஸ் பிரேவ் அஸ் எ லயன்’ வகையில் முப்பது நாற்பது சொற்றொடர்கள். பின்பக்கத்தில் ஆண்பால், பெண்பால் மிருகப் பெயர்ச் சோடிகள். விலை, ஒரு ரோல்ஸும் பிளேன்ரீயும் குடிக்கிற காசு. பலவற்றில் அச்சகத்தின் பெயரே இருக்காது. படமும் எழுத்தும் மாறினாலும் உள்ளே இருக்கிற சரக்கு ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் இங்கே எழுதுவது குறிப்பிட்ட ஒரு தாளைப் பற்றியதல்ல, அந்த வகை முழுவதையும் பற்றியது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். தரம் 6 முதல் 9 வரை படிக்கிற பிள்ளைக்குத் தாராளமாக வாங்கிக் கொடுங்கள். சாதாரண தரப் பரீட்சைக்கு, நேர்முகத் தேர்வுக்கு, லண்டனிலும் கனடாவிலும் பிறந்த மச்சான் மச்சாள்மாரோடு கதைப்பதற்கு என்றால் அப்படியே பாவிக்கக் கூடாது. தாளில் நான்கு நிரல்கள் இருக்கின்றன: இலக்கம், ஆங்கிலம், தமிழ் எழுத்தில் உச்சரிப்பு, கருத்து. ஐந்தாவதாக இருக்க வேண்டிய நிரல் இல்லை. இதை ஆணுக்குச் சொல்லலாமா, பெண்ணுக்குச் சொல்லலாமா, இல்லை ஒருவருக்குமே சொல்லக் கூடாதா என்பதுதான் அது. ஆங்கிலத்தில் மனிதரை மிருகத்தோடு ஒப்பிடுவதில் பாதி விசயம் அதற்குள்தான் கிடக்கிறது.

சின்னக் குறைகளை முதலில் பார்ப்போம். லமினேற் செய்யாத தாளை மடித்துப் பைக்குள் வைத்தால் மடிப்பு விழுகிற வரியில் எழுத்து உதிர்ந்துவிடும். படங்கள் இணையத்திலிருந்து எடுத்தவை, சிலவற்றில் மிருகமே மாறியிருக்கும். ‘அஸ் ஸ்ரபன் அஸ் எ மியூல்’ என்ற வரிக்குப் பக்கத்தில் நிற்பது கழுதை. மியூல் என்பது ஆண் கழுதைக்கும் பெண் குதிரைக்கும் பிறக்கிற கோவேறு கழுதை. மன்னார் ரவுணில் கழுதைகளைத் தெருத்தெருவாகப் பார்த்து வளர்ந்த பிள்ளை, அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு ஆங்கிலத்திலும் கழுதைதான் பிடிவாதக்காரன் என்று எடுத்துக்கொள்ளும். ஆனால் ‘டொங்கி’ என்று ஒருவரைச் சொன்னால் முட்டாள் என்றுதான் முதலில் விளங்கிக்கொள்வார்கள். அதேபோல ‘அஸ் ஸ்ரோங் அஸ் அன் ஒக்ஸ்’ வரிக்கு எருமைப் படம் போட்டிருப்பார்கள். ஒக்ஸ் எருமையல்ல, நலமடித்த எருது. நலமடிக்காத நாம்பன் ‘புல்’. அது வருகிற சொற்றொடர் வேறு: பீங்கான் கடைக்குள் புகுந்த காளை, ‘எ புல் இன் எ சைனா ஷொப்’, போகிற இடமெல்லாம் தட்டி உடைக்கிற ஆளைச் சொல்வது.

உச்சரிப்பு நிரல்தான் தாளின் மிகப் பலவீனமான பகுதி. ‘அஸ் ஜென்ரில் அஸ் எ லாம்’ என்பதில் கடைசி எழுத்து ஒலிக்காது. தாளில் ‘லேம்ப்’ என்று போட்டிருந்தால் பிள்ளை சாந்தமான ஆட்டுக்குட்டிக்குப் பதிலாக மேசை விளக்கைச் சொல்லும். ‘வுல்ஃப்’ என்பதை ‘வோல்ப்’ என்றும், ‘ஸ்வொன்’ என்பதை ‘ஸ்வான்’ என்றும் காணலாம். பின்பக்கத்தில் பெண் செம்மறிக்கு ‘ஈவ்’ என்று போட்டிருந்தால் அது பிழை, ‘யூ’ என்பதுதான் சரி. பெண் பன்றியின் பெயர் ‘கவ்’ என்பதோடு ஓசை ஒத்து ‘சவ்’ என்று வரவேண்டும். நெல் விதைப்பதற்கும் அதே எழுத்துக்கள்தான், ஆனால் அது ‘சோ’. வயல் விதைப்பைப் பற்றிக் கட்டுரை எழுதி வாசிக்கிற பிள்ளைக்கு இந்த வித்தியாசம் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். தாள் இரண்டையும் ‘சோ’ ஆக்கிவிடுகிறது.

இலக்கணத்தைப் பற்றித் தாள் ஒன்றுமே சொல்வதில்லை, சொற்றொடரை மட்டும் தருகிறது. பிழை வருகிற இடங்கள் மூன்று. ஒன்று, ‘எ’, ‘அன்’ விடுபடுவது: ‘அஸ் பிரேவ் அஸ் லயன்’ என்று எழுதினால் புள்ளி குறையும். ஒக்ஸ், அவுல், ஈல் மூன்றுக்கும் ‘அன்’ வரவேண்டும். இரண்டு, பன்மை: பலரைச் சொல்லும்போது தேனீயும் பன்மையாகி ‘தே ஆர் அஸ் பிஸி அஸ் பீஸ்’ என்றாகும். மூன்றாவது, ‘லைக்’, ‘அஸ்’ குழப்பம். வினைச்சொல்லோடு வரும்போது ‘லைக்’தான்: ‘ஹீ வேர்க்ஸ் லைக் எ டோக்’, நாயாய் உழைக்கிறான். அதையே ‘ஹீ வேர்க்ஸ் அஸ் எ டோக்’ என்று எழுதினால் அவனுக்கு நாய் உத்தியோகம் கிடைத்திருக்கிறது என்று பொருள். ‘சிங்கம் போல’ என்ற தமிழ் ஒழுங்கை அப்படியே கொண்டுபோய் ‘லயன் லைக் பிரேவ்’ என்று எழுதுகிற கொப்பிகளும் ஏராளம். உரையாடலில் முதல் ‘அஸ்’ விடுபடலாம், ‘ஷீ இஸ் பிஸி அஸ் எ பீ’ என்றால் பிழையில்லை. பரீட்சையில் இரண்டையும் எழுதுவது பாதுகாப்பு.

இனி, தாளில் இல்லாத நிரலுக்கு வருவோம்.

நரியை எடுத்துக்கொள்ளுங்கள். தாளில் ‘அஸ் ஸ்லை அஸ் எ ஃபொக்ஸ்’, கருத்து ‘நரி போலத் தந்திரமுள்ள’. ஆணுக்குச் சொன்னால் தந்திரசாலி, பாதி வசவு, பாதி மெச்சுதல், நாங்கள் ‘நரி மூளை’ என்பதற்குக் கிட்டத்தட்டச் சமம். தலை நரைத்தும் பார்வைக்கு எடுப்பாக இருக்கிற ஆணை ‘சில்வர் ஃபொக்ஸ்’ என்பார்கள், அது பாராட்டு. பெண் பக்கத்துக்கு வந்தால் பாதை மாறுகிறது. பெண் நரியின் பெயரான ‘விக்ஸன்’ பெண்ணுக்குப் போகும்போது பழைய வழக்கில் சண்டைக்காரி, இப்போது பெரும்பாலும் கவர்ச்சி காட்டுபவள். ‘ஃபொக்ஸி’ என்பது தந்திரத்தையும் குறிக்கும், ஆனால் ஒரு பெண்ணைப் பார்த்துச் சொன்னால் உடல் கவர்ச்சியைத்தான் நினைப்பார்கள். தந்திரமுள்ள பெண் அதிகாரியைப் புகழ நினைத்து ‘ஃபொக்ஸி’ என்று எழுதினால் என்ன நடக்கும் என்று தாள் எச்சரிப்பதில்லை.

நாயும் அப்படித்தான். ‘லக்கி டோக்’ என்றால் அதிர்ஷ்டக்காரன், ஆணுக்குச் சிரித்துக்கொண்டு சொல்வது. ஒரு பெண்ணை ‘டோக்’ என்றால் அழகில்லாதவள் என்ற மோசமான பேச்சு, அமெரிக்க வழக்கில் முக்கியமாக. ‘அன்டர்டோக்’, ‘ரொப் டோக்’ இரண்டிலும் ஆபத்தில்லை. கிரிக்கெட் வர்ணனையில் தோற்கும் என்று எதிர்பார்க்கப்படுகிற அணியை அன்டர்டோக் என்பதைப் பிள்ளைகளே கேட்டிருப்பார்கள், ஆண் அணி பெண் அணி என்ற வேறுபாடு அதில் இல்லை.

எலி வரியில் ‘அஸ் குவயற் அஸ் எ மவுஸ்’ இருவருக்கும் பொருந்தும். அதிலிருந்து வந்த ‘மவுஸி’ மட்டும் பெண்ணுக்கே ஒட்டிக்கொண்டது: கூச்சமானவள், பளிச்சென்று இல்லாதவள். ஆணைக் கோழை என்று சீண்ட ‘ஆ யூ எ மான் ஓ எ மவுஸ்’ என்று கேட்பார்கள். ‘ரட்’ வேறு எலி, வேறு கணக்கு. காட்டிக்கொடுப்பவன், மனைவியை ஏமாற்றுபவன் போன்ற ஆண்களுக்கே அது பெரும்பாலும் போகிறது. பூனையில் ‘ஃபட் கட்’ பெருத்த சம்பளம் வாங்குகிற முதலாளி, ‘கட்டி’ என்பது முதுகுக்குப் பின்னால் குத்திக் கதைக்கிற குணம். இந்த இரண்டாவது அநேகமாகப் பெண்ணைத்தான் சுட்டும். ‘சிக்கன்’ கோழை, இருபாலுக்கும். ‘சிக்’ இளம்பெண். இந்தக் கடைசிச் சொல்லையும் பிரித்தானியாவில் அதே கருத்தில் புழங்குகிற ‘பேர்ட்’ என்பதையும் அலுவலகத்தில் வாய் தவறியும் சொல்லக் கூடாது.

அன்றாடம் பயன்படுகிறவற்றில் மூன்றைத் தாள் தவறாமல் தருகிறது, ஆனால் பிரித்துக் காட்டுவதில்லை. ‘ஈற் லைக் எ ஹோர்ஸ்’ நிறையச் சாப்பிடுவது, ‘ஈற் லைக் எ பேர்ட்’ கொறிப்பது, ‘ஈற் லைக் எ பிக்’ அசிங்கமாகச் சாப்பிடுவது. முதலாவதைப் பெடியனுக்குச் சொன்னால் சிரிப்பான், பெண்ணுக்கு நேரே சொன்னால் முகம் சுருங்கும். ‘பிக்’ ஆண் பக்கம் சாய்ந்த வசவு. பெண்களை மட்டமாக நினைக்கிற ஆணுக்கு ‘மேல் ஷோவினிஸ்ட் பிக்’ என்ற பெயர் அரை நூற்றாண்டாக இருக்கிறது. வவுனியா, மன்னார், முல்லைத்தீவு அலுவலகங்களில் முஸ்லிம் சகாக்களும் இருப்பார்கள், பன்றி உவமையைப் பகிடிக்கும் எடுக்க வேண்டாம். ‘ஸ்வெற் லைக் எ பிக்’ என்ற சொற்றொடர் உண்மைக்கே மாறானது. பன்றிக்கு வியர்ப்பது மிகக் குறைவு, அதனால்தான் அது சேற்றில் புரண்டு உடம்பைக் குளிர்விக்கிறது. ‘அஸ் பிளைன்ட் அஸ் எ பட்’ கூட அப்படித்தான், வௌவாலுக்குக் கண் தெரியும். சொற்றொடர் நிலைத்துவிட்டது, சரிபார்க்கத் தேவையில்லை. ஆனால் ‘ஓல்ட் பட்’ என்றால் வயதான பெண்ணைத் திட்டுவது.

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு நேரே கொண்டுபோகும்போது வருகிற சறுக்கல்கள் இன்னும் மோசமானவை. தாள் இவற்றைத் தொடுவதே இல்லை. ஆனால் வன்னிப் பிள்ளை விழுகிற இடம் இதுதான்.

‘அவ பசு மாதிரி’ என்றால் எங்கள் ஊரில் சாதுவானவள், யாருக்கும் தீங்கு நினையாதவள். இதை ஆங்கிலத்தில் ‘ஷீ இஸ் லைக் எ கவ்’ என்று எழுதினால் பிரித்தானிய ஆங்கிலம் தெரிந்தவருக்கு அது நேரடி வசை. ‘ஸ்ருப்பிட் கவ்’ என்பது அங்கே தெருச் சண்டையில் வருகிற பேச்சு. சாந்தத்தைச் சொல்ல வேண்டுமென்றால் தாளில் இருக்கிற ஆட்டுக்குட்டி வரியையே எடுங்கள், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஆகும். ‘காஷ் கவ்’ என்பது ஆளைக் குறிப்பதல்ல, வருமானம் கொட்டுகிற தொழிலைக் குறிப்பது, தாராளமாகப் பாவிக்கலாம்.

மயில் வன்னியில் வயல் வரம்பெல்லாம் நிற்கிறது. ‘மயில் மாதிரி நடை’ என்று பெண்ணைப் புகழுவோம். ஆங்கிலத்தில் ‘அஸ் ப்ரவுட் அஸ் எ பீகொக்’ ஆடம்பரம் காட்டுகிற, தன்னைத்தானே மெச்சுகிற ஆளைச் சொல்வது. அதிலும் பீகொக் ஆண் மயில், பெண் மயிலுக்குப் ‘பீஹென்’ என்று தனிப் பெயர். ஆண் உடுத்திக்கொண்டு மிடுக்காகத் திரிந்தால் அந்தச் சொல் கச்சிதமாகப் பொருந்தும். பெண்ணின் நடையைப் புகழ ‘கிரேஸ்ஃபுல் அஸ் எ ஸ்வொன்’ இருக்கிறது, எங்கள் அன்னநடையும் அதுவும் சந்திக்கிற இடம். மான் விழிக்கும் ‘டோ ஐட்’ என்று சரியான சோடி உண்டு, அதைத் தாள்களில் காண்பது அரிது.

ஆந்தை அலறினால் வீட்டில் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள், ‘ஆந்தை முழி’ என்பதும் நல்ல பேச்சில்லை. ஆங்கிலத்தில் ‘அஸ் வைஸ் அஸ் அன் அவுல்’ அறிவாளிக்கு, ‘நைற் அவுல்’ இரவு கண் விழிக்கிறவருக்கு, இரண்டும் இருபாலுக்கும் பாதுகாப்பு. யானையும் பாதிப் பாதுகாப்பு. யானைக்கு இருப்பதுபோல ஞாபக சக்தி என்றால் பாராட்டு. ஒரு பெண்ணை வெறுமனே ‘லைக் அன் எலிஃபன்ட்’ என்றால் உடம்பைத்தான் சொல்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்வார். ‘நல்லாக் கொழுத்திட்டாய்’ என்று வாசலிலேயே சொல்கிற எங்கள் வழக்கம் ஆங்கிலத்தில் எடுபடாது. தாளில் ‘அஸ் ஃபட் அஸ் எ பிக்’ இருந்தால் அந்த வரியைக் கீறிவிடுங்கள்.

குரங்கைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். குழப்படி செய்கிற பிள்ளையைக் ‘குரங்கே’ என்று கூப்பிடாத வீடு வன்னியில் குறைவு. பிரித்தானியாவிலும் ‘சீக்கி மங்கி’ என்று சின்னப் பிள்ளையைச் செல்லமாகச் சொல்வார்கள். ஆனால் கறுப்பினத்தவர் ஒருவரை அந்தச் சொல்லால் அழைப்பது அப்பட்டமான இனவெறி. ஐரோப்பிய உதைபந்தாட்ட மைதானங்களில் கறுப்பின வீரர்களைப் பார்த்துக் குரங்குச் சத்தம் எழுப்பிய பார்வையாளர்களை உள்ளே விடாமல் தடை செய்திருக்கிறார்கள். வகுப்பில் பல இனப் பிள்ளைகளோடு இருக்கிற லண்டன் உறவினர் பிள்ளைக்கு வட்சப்பில் அந்தப் பகிடியை அனுப்பாதீர்கள். ‘அஸ் பிளாக் அஸ் எ குரோ’ என்ற வரியும் அதே கணக்கு: காகம் மாதிரிக் கறுப்பு என்று மனிதரைச் சொல்ல அதைப் பாவிக்கவே கூடாது. காகத்தில் உருப்படியானது ‘அஸ் த குரோ ஃபிளைஸ்’ ஒன்றுதான். கிளிநொச்சியிலிருந்து முல்லைத்தீவுக்கு வளைவு நெளிவில்லாமல் நேர்கோட்டில் எவ்வளவு தூரம் என்று சொல்ல உதவும்.

சிங்கம், புலி பற்றி வன்னியில் விளக்கம் தேவையில்லை. ஆங்கிலத்தில் ‘அஸ் பிரேவ் அஸ் எ லயன்’ இருபாலுக்கும் போகும். இங்கிலாந்துப் பெண்கள் உதைபந்தாட்ட அணிக்கு ‘லயனஸஸ்’ என்றுதான் பெயர், 2022இலும் 2025இலும் ஐரோப்பியக் கிண்ணத்தை வென்ற அணி. பெண்பால் மிருகப் பெயர் ஒன்று முழுப் பாராட்டாக நிற்கிற அபூர்வ இடம் அது.

அபூர்வம் என்று சொல்வதற்குக் காரணம் தாளின் பின்பக்கத்தில் இருக்கிறது. ஆண்பால் பெண்பால் பட்டியலை மேலிருந்து கீழாகப் பெண் நிரலை மட்டும் வாசித்துப் பாருங்கள். டோக்குக்கு எதிரே ‘பிச்’, ஆங்கிலத்தின் மிகக் கடுமையான பெண் வசவுகளில் ஒன்று. புல்லுக்கு எதிரே ‘கவ்’, சொல்லியாயிற்று. ஹோர்ஸுக்கு எதிரே ‘மெயா’, ‘சிலி மெயா’ என்று பிரித்தானியாவில் பெண்ணைத் திட்டுவார்கள். ஃபொக்ஸுக்கு ‘விக்ஸன்’. சேவலான ‘கொக்’ என்பதற்கு ‘ஹென்’, அதிலிருந்து மனைவிக்குப் பயந்த கணவனைச் சொல்லும் ‘ஹென்பெக்ட்’. கான்டருக்கு ‘கூஸ்’, அது மட்டும் கொஞ்சம் மென்மை, ‘சிலி கூஸ்’ என்றால் அசட்டுப் பிள்ளை. ஆண் நிரலை வாசித்தால் புல், ஸ்ராக் (ஆண் மான்), ஸ்ரலியன் (ஆண் குதிரை) எல்லாம் பலம், மிடுக்கு, ஆண்மை. ஆண்களுக்கான வசவுகள் பிக், ரட், ஸ்நேக், கழுதையைக் குறிக்கும் ‘அஸ்’ என்று பால் பிரிக்காத பெயர்களிலிருந்தே பெரும்பாலும் வருகின்றன. ஆண்பாலில் சோம்பேறி ஒன்று இருக்கிறது, ‘ட்ரோன்’: வேலை செய்யாத ஆண் தேனீ. ‘அஸ் பிஸி அஸ் எ பீ’ என்று நாங்கள் ஆணையும் புகழுகிற தேனீ உண்மையில் பெண். கூட்டில் உழைக்கிற தேனீக்கள் எல்லாமே பெண்கள்தான். ‘குவீன் பீ’ என்றால் மட்டும் கவனம், கூட்டத்தில் எல்லோரையும் ஆட்டிப்படைக்கிற பெண் என்ற குத்தல் அதில் உண்டு.

ஆகவே பின்பக்கத்தைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்வது சரி. மிருக வைத்தியர், பண்ணை, விவசாயப் பாடம் எல்லாவற்றுக்கும் அது வேண்டும். ஆனால் அந்த நிரலிலிருந்து ஒரு சொல்லைத் தூக்கி மனிதருக்கு வைப்பதை முழுமையாகத் தடுங்கள். நாயைக் கிளினிக்குக்குக் கொண்டுபோனால்கூட ‘ஃபீமேல் டோக்’ என்று சொன்னால் போதும். ‘ஸ்ரலியன்’, ‘ஸ்ரட்’ இரண்டையும் பலசாலி என்று கருதி மேலதிகாரிக்கு எழுதிவிட வேண்டாம், இரண்டும் படுக்கையறை வாசனை உள்ளவை. ‘அஸ்’ என்ற கழுதைப் பெயர் அமெரிக்க வழக்கில் பின்புறத்தையும் குறிக்கும், மியூலோடு நில்லுங்கள். பழைய பட்டியலிலிருந்து பிரதி எடுத்த தாள்களில் ‘அஸ் கே அஸ் எ லார்க்’ இருக்கும். ஒருகாலத்தில் உற்சாகம் என்ற கருத்து, இன்றைக்கு அந்தச் சொல்லுக்கு ஒருபாலீர்ப்பு உள்ளவர் என்றுதான் பொருள். ‘ஹப்பி அஸ் எ லார்க்’ என்று மாற்றிப் படிப்பியுங்கள்.

வெளிநாட்டு உறவுகளின் பேச்சில் வருகிற சில, தாளில் இல்லாவிட்டாலும் தெரிந்திருக்க வேண்டியவை. கலியாணத்துக்கு முன்னர் ‘ஹென் பார்ட்டி’ என்று அழைப்பு வந்தால் அது கோழிச் சாப்பாடு இல்லை, மணப்பெண்ணும் தோழிகளும் மட்டும் கூடுவது. மாப்பிள்ளை பக்கத்துக்கு ‘ஸ்ராக் நைற்’. நொட்டிங்ஹாம், டார்பி, ஸ்ரோக் பக்கங்களில் கடைக்காரர் ‘டக்’ என்று கூப்பிட்டால் கோபிக்கத் தேவையில்லை, ஆணையும் பெண்ணையும் அப்படித்தான் அன்பாக அழைப்பார்கள். ஸ்கொட்லாந்தில் பெண்ணை ‘ஹென்’ என்பதும் அன்புதான். ‘மட்டன் ட்ரெஸ்ட் அஸ் லாம்’ என்பது வயதுக்கு ஒவ்வாத இளம் உடுப்புப் போட்ட பெண்ணைக் கிண்டலடிப்பது. எங்கள் கடைகளில் மட்டன் என்றால் ஆட்டிறைச்சி, அங்கே முற்றிய செம்மறி. கலியாண வீட்டுப் படத்துக்குக் கீழே அதைப் போட்டால் உறவு முறியும். ஆண்களுக்கு இதே அளவுக்குக் கடுமையான வயதுக் கிண்டல் என்று ‘ஓல்ட் கோட்’ ஒன்றைச் சொல்லலாம், பெண்களைச் சுற்றுகிற கிழவனுக்கு.

நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர்கள் தாளிலிருந்து எதை எடுக்கலாம்? ‘ஐ ஆம் அன் ஏர்லி பேர்ட்’ நல்லது, காலையில் நேரத்துக்கு வருபவர். ‘ஐ வேர்க் லைக் எ டோக்’ முறைப்பாடு போலக் கேட்கும். அளவுக்கு மிஞ்சி ஆர்வம் காட்டுகிறவரைச் சொல்லும் ‘ஈகர் பீவர்’ என்று தன்னைத்தானே சொன்னால் கேட்பவர் உள்ளுக்குள் சிரிப்பார். ஒன்றுக்கு மேல் வேண்டாம், பரீட்சைக் கட்டுரையிலும் பந்திக்கு ஒன்று தாண்டினால் மனப்பாடம் என்று தெரிந்துவிடும்.

வாங்கும்போது கடையில் “அண்ணை, பின்பக்கம் ஆண்பால் பெண்பால் இருக்கோ?” என்று கேட்டால் “எல்லாம் இருக்கு, தம்பி” என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். கழற்றித் திருப்பிப் பார்த்து வாங்குங்கள். மியூல், லாம், ஒக்ஸ் மூன்று வரிகளையும் வாசியுங்கள். மூன்றில் இரண்டு பிழையென்றால் பக்கத்துத் தாளை எடுங்கள். லமினேற் செய்ததையே எடுப்பது நல்லது.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் ஐந்தாவது நிரலை நீங்களே போட வேண்டும். வெள்ளைத் தாளில் இரண்டு சென்ரிமீற்றர் அகலத்தில் ஒரு கீலம் வெட்டி, வலது ஓரத்தில் செலோரேப்பால் ஒட்டுங்கள். ஒவ்வொரு வரிக்கும் நேரே ஆணுக்கு ‘ஆ’, பெண்ணுக்கு ‘பெ’, இருவருக்கும் ‘இ’, சொல்லவே கூடாததற்குப் பெருக்கல் குறி. எதை எங்கே போடுவது என்று பார்க்க ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ், லோங்மன் மாணவர் அகராதிகள் மூன்றும் இணையத்தில் இலவசம், டேற்றாவும் அதிகம் பிடிக்காது. சொல்லின் பொருளுக்கு முன்னால் சாய்ந்த எழுத்திலோ சின்ன எழுத்திலோ நிற்கிற குறிப்பை வாசியுங்கள்: ‘அப்ரூவிங்’ என்றால் பாராட்டு, ‘டிஸ்அப்ரூவிங்’ என்றால் குறை, ‘ஒஃபென்சிவ்’, ‘டபூ’ என்றால் பெருக்கல் குறி, ‘ஓல்ட் ஃபஷன்ட்’ என்றால் பரீட்சைக்கும் வேண்டாம். குறிப்பு இல்லாவிட்டால் உதாரண வசனங்களைப் பாருங்கள். எல்லாவற்றிலும் ‘ஷீ’ வந்தால் அது பெண்ணுக்கு ஒட்டிய சொல், ‘ஹீ’, ‘ஷீ’ இரண்டும் வந்தால் ‘இ’. மொழிபெயர்ப்புச் செயலி இதற்கு உதவாது, கருத்தைத் தருமே தவிர யாருக்குச் சொல்வது என்று தராது. ஒரு நாளைக்கு ஐந்து வரி என்று வைத்துக்கொண்டால் பிள்ளையே செய்து முடிக்கும், நீங்கள் பெருக்கல் குறி விழுந்த வரிகளை மட்டும் பார்த்தால் போதும்.

கீலம் ஒட்ட விருப்பமில்லாமல் லமினேற்றின் மேலேயே எழுதுவதென்றால் பேர்மனென்ட் மார்க்கர் வேண்டும். ஒயிட்போட் மார்க்கர் கை பட்டதும் அழிந்துவிடும். குறி பிழைத்துப்போனால் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்துவிட்டு, காய்ந்த பிறகு திரும்ப எழுதலாம்.